கனத்த குரல்

பெண்டாட்டி எழுதிய வார்த்தைகளை இன்னொருத்தன் குரலில் கேட்டுக்கொண்டேதான் முகுந்தன் தினமும் ஆபீஸ் போக வேண்டியிருந்தது. வடபழனியில் அவர்கள் அடுக்குமாடியின் கேட்டைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிடும். "கொஞ்சம் நில்லுங்க, இடது பக்கம் வண்டி வருது." நாலு எட்டு வைத்தால், "பாத்து வாங்க, முன்னால பள்ளம்." மெட்ரோ படியில், "மெதுவா ஏறுங்க, அடுத்த வண்டி உடனே வருது." எழுதியது அமிர்தா. பேசியது ஆல்வின். இரண்டு பேரும் ஜோடி போட்டுக்கொண்டு தன் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து குசலம் விசாரிப்பது போலிருக்கும் அவனுக்கு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இது நடந்த காலத்தில் சென்னையில் காதை மூடாமல் நடமாடுகிறவர்கள் கிடையாது. தலைக்கு மேலே சரக்கு ட்ரோன், காலுக்குக் கீழே மெட்ரோ தோண்டும் இயந்திரம், நடுவில் வழக்கம்போல ஹாரன். இரைச்சல் தாங்காமல் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக ஹெட்போனுக்கு மாறி, கடைசியில் கீரைக்காரம்மா முதல் நீதிபதி வரை எல்லோர் தலையிலும் அது ஏறிவிட்டது. அப்பளம் மாதிரி மெல்லிசான இரண்டு வில்லைகள். காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே ஒட்டி உட்காரும். ஊர்ச் சத்தத்தை அழித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பேச்சை மட்டும் உள்ளே விடும். வீட்டிலும் அதோடுதான் இருப்பார்கள், அதோடுதான் தூங்குவார்கள். குளிக்கிற நேரம் மட்டும் காதுக்குக் காற்றுப் படும்.

இப்படி ஊரே காதைப் பொத்திக்கொண்டால் வண்டி வருவது யாருக்குத் தெரியும்? அதற்காக வந்ததுதான் நகர எச்சரிக்கை நிலையம். எல்லோர் ஹெட்போனுக்குள்ளும் நேரடியாக வந்து பேசும். அமிர்தா அங்கே வசனம் எழுதுகிறவள். "ஜாக்கிரதை!" என்று அலறினால் ஜனங்கள் வெலவெலத்துப்போய் நடுரோட்டிலேயே நின்றுவிடுகிறார்கள், வீட்டு மனுஷர் சொல்கிற மாதிரி சொன்னால் ஒதுங்கிப் போகிறார்கள் என்று கண்டுபிடித்தவளே அவள்தான். அந்த வீட்டு மனுஷர் குரலுக்காகத் தேடிப் பிடித்த ஆள்தான் தூத்துக்குடி ஆல்வின். இன்னும் கல்யாணம் ஆகாதவன். முகுந்தன் இதை மட்டும் மறக்காமல் விசாரித்து வைத்திருந்தான்.

"ஆல்வின் இன்னிக்கு ஒண்ணு சொன்னாரு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு" என்று அவள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

"என்ன சொன்னான்?"

"அது... அங்க இருந்திருந்தாத்தான் சிரிப்பு வரும்."

அங்கே இருந்திருந்தால்! இவன் அங்கே எப்படி இருக்க முடியும்? அங்கே இருப்பவன்தான் இருக்கிறானே! உடனே கேள்விகள் கிளம்பும். ஏன் லேட்டு? கூட யார் யார் இருந்தா? போன்ல யாரு? எதுக்கு இப்ப சிரிச்ச? அமிர்தாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடும்.

"ஏங்க இப்படி அதட்டறீங்க?"

"நான் எங்க அதட்டினேன்? கேட்டேன்."

அவனைப் பொறுத்தவரை அது வெறும் கேள்விதான். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தில்தான் அவள் மதுரைப் பேச்சை எடுத்தாள். மதுரையிலும் எச்சரிக்கை நிலையம் திறக்கிறார்களாம். எழுதுகிற பிரிவை நடத்த இவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"அவனும் வரானா?" என்றான் முகுந்தன்.

"யாரு?"

"அதான், உங்க ஆல்வின்."

அமிர்தா சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் இன்னும் பதில் சொல்லல. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். போனா தனியாத்தான் போவேன்" என்றாள். அந்தத் "தனியா"வில் ஆல்வின் மட்டும் விடுபடவில்லை, தானும் சேர்த்தே விடுபட்டிருக்கிறோம் என்பது முகுந்தனுக்குப் புரிந்தது. புரிந்தும் அவன் கோபம் முழுக்க ஆல்வின் மேலேயே போய் விழுந்தது. அந்தக் குரல் மட்டும் இல்லாவிட்டால் இவள் ஏன் மதுரையை நினைக்கப்போகிறாள்?

குரலை இல்லாமல் செய்வதுதான் முகுந்தனுக்குச் சோறு போடுகிற தொழில். கிண்டியில் ஹெட்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் குரல் விலக்குப் பிரிவில் இருந்தான். ஊர்ச் சத்தத்தை அழிப்பது பழைய வித்தை. ஒரே ஒரு ஆளின் குரலை மட்டும் தேர்ந்தெடுத்து அழிப்பது இவர்கள் வித்தை. ஆரம்பத்தில் நல்ல காரியத்துக்குத்தான் பயன்பட்டது. பின்னாலேயே வந்து தொல்லை கொடுத்தவன் குரல், கை நீட்டிய புருஷன் குரல் என்று கோர்ட் உத்தரவு வரும், இவர்கள் அந்தக் குரலை அழிக்கிற விலக்கை ஹெட்போனில் ஏற்றிக் கொடுப்பார்கள். அப்புறம் ஜனங்கள் ருசி கண்டுவிட்டார்கள். கள்ளத்தனமாக மாமியார் குரலை அழித்தார்கள், வாத்தியார் குரலை அழித்தார்கள். போரூர் பக்கம் ஒரு குடியிருப்பில், கூட்டத்துக்குக் கூட்டம் கணக்குக் கேட்கிறார் என்று ஒரு பெரியவர் குரலை மொத்தக் குடியிருப்பும் சேர்ந்து அணைத்துவிட்டது. அவர் மாடிப்படியில் உருண்டு விழுந்து கூப்பிட்ட அன்றைக்கு ஒருத்தர் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு சட்டம் கடுமையானது. கோர்ட் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குரலுக்குச் சொந்தக்காரரே சம்மதிக்க வேண்டும். மீறினால் ஜெயில்.

முகுந்தனுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் முழுக்க அழிக்க வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டான். முழுக்க அழித்தால் எதிரே ஒருத்தன் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பது அமிர்தாவுக்குத் தெரிந்துபோகும். அடிப்பகுதியை மட்டும் உருவி எடுத்துவிட்டால்? அந்தக் கனம், அந்தக் கம்பீரம், அது போய்விட்டால் மிச்சம் இருப்பது கொசுக் குரல்தானே? வார்த்தை எல்லாம் கேட்கும், மயக்கம் மட்டும் இருக்காது. தெருவில் வருகிற எச்சரிக்கைக்கும் பாதகமில்லை. அது ஹெட்போனுக்குள்ளேயே பிறக்கிற சத்தம், விலக்கு என்பது வெளியிலிருந்து காற்றில் வருவதை மட்டும்தான் தொடும். ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று முடிவு கட்டினான். பொறாமைக்காரன் போடுகிற திட்டத்தில் எப்போதுமே ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இருக்காது.

விலக்கு ஏற்ற அந்த ஆளின் குரல் பதிவு வேண்டும். கம்பெனியில் அதற்கென்று ஒரு முறை உண்டு. பஞ்சு வைத்து அடைத்த அறைக்குள் குரல் கொடுப்பவர் மட்டும் தனியாக உட்கார வேண்டும். பதிவு செய்கிறவர் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ஆல்வினை அந்த அறைக்குள் எப்படிக் கூப்பிடுவது? ஆகவே அசோக் நகரில் ஒரு டீக்கடைக்குக் கூப்பிட்டான், சட்டைப் பையில் ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொண்டு.

ஆல்வின் வந்தான். ஒல்லியாக, கழுத்தைச் சுற்றி மஃப்ளரோடு. "அமிர்தா மேடம் வீட்டுக்காரரா? சந்தோஷம் அண்ணாச்சி" என்று இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த மரியாதையே முகுந்தனுக்குப் பிடிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படிக் குழையும் என்று நினைத்தான்.

"சொல்லுங்க, ஊர்ல எப்படி? வீட்ல யார் யாரு? இங்க எப்படி வந்தீங்க?" என்று ஆளைப் பேச வைக்கப் பார்த்தான்.

"தெர்மல் நகர் பக்கம் அண்ணாச்சி. அம்மா மட்டுந்தான்." அவ்வளவுதான். ஆல்வின் தொண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தான். "சாயங்காலம் பதிவு இருக்குல்லா, அதான் ரொம்பப் பேச மாட்டேன். நீங்க பேசுங்க, நான் கேக்கேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த வில்லை எப்படிச் சத்தத்த அழிக்குது? சத்தம் என்ன சிலேட்டுல எழுதுனதா, எச்சி தொட்டு அழிக்க?"

தொழிலைப் பற்றி ஒருத்தன் கேட்டுவிட்டால் முகுந்தனால் சும்மா இருக்க முடியாது. எதிரியாக இருந்தால்தான் என்ன?

"அழிக்கறதே கிடையாதுங்க. கூட இன்னொரு சத்தத்தைப் போடறோம்."

"சத்தத்த அமுக்க இன்னொரு சத்தமா?"

"சத்தம்னா என்ன? காத்து முன்னயும் பின்னயும் ஆடறது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம்னு வருதுன்னு வெச்சுக்கோங்க. வில்லைக்கு வெளியில பொட்டு மாதிரி ஒரு மைக் இருக்கு. மேடு வருதுன்னு அது சொன்ன உடனே உள்ள இருக்கற சில்லு ஒரு பள்ளத்தைப் போடும். பள்ளம் வந்தா மேடு. ரெண்டும் காதுகிட்ட சேர்ந்தா சமதளம். அவ்வளவுதான் வித்தை."

"அதுக்கு போன் பக்கத்துல இருக்கணுமோ?"

"போனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! போன்ல இருந்து வயர் இல்லாம வர்றது பாட்டும் பேச்சும்தான். அமுக்கற வேலை முழுக்க வில்லைக்குள்ளயே நடக்கணும். போனுக்குப் போய்க் கேட்டுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள மேடு காதுக்குள்ள பூந்துடும். லேட்டாப் போட்டா பள்ளத்துக்குப் பதில் மேட்டு மேல மேடு விழுந்து, இருக்கற சத்தம் இன்னும் கூடித் தொலைக்கும்."

"அப்போ குக்கர் விசிலு மட்டும் ஏன் கேக்குது?"

"அது சன்னமான சத்தம். படு வேகமாத் துடிக்கும். சில்லால அந்த ஓட்டம் ஓட முடியாது. பஸ் இஞ்சின், ஜெனரேட்டர், ஃபேன், இதெல்லாம் கனமா, நிதானமா, ஒரே மாதிரி வரும். அடுத்தது என்னன்னு முன்னாடியே தெரிஞ்சா அமுக்கறது சுலபம். போதாததுக்கு இது காது மேல உக்கார்ற வில்லை, காதைச் சுத்தி மூடறதில்ல. ஓரத்துல சன்னச் சத்தம் கசியத்தான் செய்யும்."

இப்படியே போயிற்று. ஆல்வின் "ஆமா அண்ணாச்சி", "அப்படியா அண்ணாச்சி" என்று டீயை ஊதிக் குடித்தான். முகுந்தன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். விடைபெறும்போது ஆல்வின், "மேடம் எழுத்து தங்கம் அண்ணாச்சி. என் குரல்ல ஒண்ணுமில்ல, அவங்க எழுதிக் குடுக்கதுலதான் எல்லாம்" என்றான். அந்த ஒரு வாக்கியம் முகுந்தனுக்கு ராத்திரி வரை நெஞ்சில் கரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் பதிவைக் கணினிக்குள் போட்டான். இரண்டு பேர் குரலையும் அது பிரித்து இரண்டு பட்டைகளாகக் காட்டியது. பிறர் குரலை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதால் அந்தக் கணினி எதையும் திரும்பப் போட்டுக் காட்டாது, பட்டையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பட்டை அடியில் தடித்து, கருத்து, கனமாக இருந்தது. இன்னொன்று வெளிறிப்போய் மெலிந்திருந்தது. முகுந்தன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஊரே கிறங்கிக் கேட்கிற குரலின் கனம் வேறு எப்படி இருக்கும்? தடித்த பட்டையைத் தொட்டான். பார்த்தாயா, என்னுடையதை விட எவ்வளவு தடிமன் என்று அதற்கும் ஒரு தடவை வயிறு எரிந்துகொண்டான்.

காலையில் அமிர்தா குளிக்கப் போன நேரத்தில் மேஜை மேல் கிடந்த அவள் ஹெட்போனில், ஆபீஸ் போன் வழியாக விலக்கை ஏற்றினான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். முகுந்தன் சோபாவில் காத்திருந்தான். "ஏன் லேட்டு?" என்றான், எப்போதும் போல.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "மெட்ரோவுல கூட்டம்ங்க. ரெண்டு வண்டியை விட்டுட்டு ஏறினேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பசிக்குதா? உங்க குரலே சோர்ந்து கிடக்கே."

முகுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்கிறது! கொசுக் குரலைக் கேட்டுக் கேட்டு அங்கே அலுத்துப்போய்த்தானே இங்கே வந்து இப்படி ஒட்டிக்கொள்கிறாள்? நாளாக ஆக இன்னும் நன்றாயிற்று. "போன்ல யாரு?" என்று கேட்டால் முன்னெல்லாம் முகம் சுருங்கும், இப்போது, "எங்க அக்காதான், பேசறீங்களா?" என்று போனையே நீட்டினாள். "எதுக்குச் சிரிச்ச?" என்றால் சிரித்ததற்கான காரணத்தை முழுக்கச் சொல்லி இவனையும் சிரிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனார்கள். சுண்டல் பொட்டலத்தை அவன் கையில் வைத்துவிட்டு, அவன் தோளில் சாய்ந்துகொண்டு அவள், "மதுரைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"ஏன்னா... நீங்க இப்பல்லாம் பேசறது நல்லா இருக்கு. அதட்டறதே இல்ல. தள்ளி நின்னு, கெஞ்சற மாதிரி, எவ்வளவு பதவிசா கேக்கறீங்க! போன்ல மட்டும் பேசாதீங்க. போன்ல ஏனோ உங்க குரல் பழையபடியே இருக்கு."

லைன் கோளாறாக இருக்கும் என்றான் முகுந்தன். தான் ஜெயித்த மிதப்பில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஆல்வின் குரல், "பாத்து வாங்க, முன்னால படி" என்றபோது முதல் தடவையாக அவனுக்கு அந்தக் குரல் மேல் ஒரு இரக்கம்கூட வந்தது. பாவம், தோற்றுப்போன பயல்.

இந்தக் கொண்டாட்டத்தை உடைத்தது தஸ்லீம். அவனோடு அதே பிரிவில் அவன் சேர்ந்த நாளிலிருந்து வேலை பார்க்கிறவள். எந்தெந்த ஹெட்போனில் யார் குரலுக்கு விலக்கு ஓடுகிறது என்று சரிபார்ப்பது அவள் பொறுப்பு. மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முகுந்த், உன் வொய்ஃப் ஹெட்போன்ல ஒரு விலக்கு ஓடுது. உன் பேர்ல இருக்கற சாவியில ஏத்தினது."

முகுந்தன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். மாட்டிக்கொண்டோம், வேலை போயிற்று, ஜெயில்தான் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"தஸ்லீம், நான் விளக்கமா சொல்றேன்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். சொந்தக் குரலுக்கு யார் சம்மதமும் தேவையில்ல." தஸ்லீம் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "கோச்சுக்காதே, உனக்கு இப்படி ஒரு மனசு இருக்கும்னு நான் நினைச்சதே இல்ல. அவ பயப்படறாளேன்னு, உன் குரல்ல இருக்கற அதட்டலை நீயே உருவி எடுத்திருக்க பாரு! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லப்போறேன்."

"யார் குரல்?"

"உன் குரல்தான். வேற யார் குரல்?"

"இல்லயே, அது ஆல்வின்... அந்த எச்சரிக்கைக் குரல். தடிமனா இருந்துச்சே."

தஸ்லீம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தில் இருந்த பிரியம் ஒரு நிமிஷத்தில் வடிந்தது. "நிலையத்துல அவர் குரலுக்கு அடிப்பகுதியை மெஷின்ல ஏத்தி விடறாங்கப்பா. நேர்ல அவர் குரல் சன்னம்தான். பக்கத்துல உக்காந்து பேசியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்குமே?"

பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினான். ஆல்வின் குரல் நேரில் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். மேடு, பள்ளம், சில்லு, குக்கர் விசில் என்று தான் பேசியதுதான் ஒன்று விடாமல் ஞாபகம் வந்தது. ஆல்வின் பேசியதில் ஒரே ஒரு வரிதான் நினைவில் இருந்தது, மேடம் எழுத்து தங்கம் என்ற வரி. அதுவும் முகுந்தன் ஞாபகத்தில் முகுந்தன் குரலிலேயே கேட்டது.

"நான் இதை மேல சொல்லப்போறதில்ல" என்றாள் தஸ்லீம். "சட்டப்படி தப்பும் இல்ல. எடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம். ஆனா அவகிட்ட சொல்லிடு."

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் யோசித்தது வேறு. கடற்கரையில் தோளில் சாய்ந்தாளே, யார் தோளில்? மதுரை வேண்டாம் என்றாளே, யாருக்காக? எதிரே உட்கார்ந்து இவன் உறுமுவான். வில்லை அந்த உறுமலுக்கு ஒரு பள்ளம் போடும். மிச்சமாக வடிந்து இறங்குகிற எவனோ ஒருத்தன், தள்ளி நின்று கெஞ்சுகிற பதவிசான ஒருத்தன், அவன்தான் அவளுக்கு வேண்டியவன். சுண்டல் வாங்கியது இவன் காசு, சிரிப்பு அவனுக்கு.

வீட்டில் சோதித்துப் பார்த்தான். வேண்டுமென்றே, கூசாமல், தன் வாழ்நாளிலேயே கேவலமான கேள்வியைக் கேட்டான். "இன்னிக்கும் அவன் கூடத்தான் ஊர் சுத்திட்டு வரியா?"

அமிர்தா கோபப்படவில்லை. அருகே வந்து அவன் முடியைக் கோதினாள். "இவ்வளவு கஷ்டமா இருக்கா உங்களுக்கு? முன்னயே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஆல்வின் பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே" என்றாள்.

"முன்ன நான் எப்படிப் பேசுவேன்?"

"ஐயோ, அந்த ஆளைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று சிரித்தாள்.

அந்த ஆள்! கட்டின புருஷன் அந்த ஆளாகிவிட்டான். முகுந்தனுக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. ஆல்வின் மேல் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆல்வினுக்காவது ஒரு முகம் உண்டு, ஊர் உண்டு, திட்டுவதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பதவிசான பயலோ இவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, இவனுடைய வாயாலேயே பேசி, இவனுடைய பெண்டாட்டியைக் கொஞ்சுகிறான்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பயலைப் போலவே கெஞ்சிப் பேசிப் பழகியும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான், இழுத்தான், மூக்கால் பேசினான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டபோது, எவ்வளவு மெல்லப் பேசினாலும் அடியில் அந்த உறுமல் கிடந்தது. இத்தனை வருஷமும் தன் குரல் இப்படித்தான் இருந்ததா என்று கொஞ்ச நேரம் ஈரத் தரையில் நின்றான். பிறகு அதற்கும் கோபம் வந்தது.

அடுத்த நாள் காலையில் அவள் குளிக்கப் போனதும் விலக்கை எடுத்துவிட்டான். போகட்டும், அந்தப் பயல் ஒழியட்டும். அமிர்தா வெளியே வந்து, தலையைத் துவட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முகுந்தன் அவளுக்காகவே காபி போட்டு வைத்திருந்தான். இருக்கிற பிரியத்தை எல்லாம் திரட்டி, எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல, "அமிர்தா, காபி ஆறுது, குடிம்மா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் சொன்னதிலேயே இதமான வார்த்தை அதுதான்.

அவள் தோள்பட்டை தூக்கிப் போட்டது. துண்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு? யார் மேல கோவம்?"

"கோவமா? காபிதானே குடிக்கச் சொன்னேன்."

"ஆல்வின் மேலயா, இன்னும்?"

"அவன் மேல இல்ல."

"பின்ன யார் மேல?"

முகுந்தனிடம் பெயர் இல்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் யாரையோ எதிர்பார்க்கிற ஒரு ஆவல் வந்து, குரல் கேட்டதும் ஏமாந்துபோகும். அந்த ஆவல் யாருக்கு என்று தெரிந்ததால் அவன் கேள்விகள் இன்னும் கூடின. ஏன் பாக்கற? என்ன தேடற? யாரை நினைச்சுட்டிருக்க? ஒரு நாள் அவள் மதுரைக்குப் போன் செய்து அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

புறப்படுகிற அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆட்டோ கீழே வந்து நின்றுவிட்டது.

"நடுவுல கொஞ்ச நாள் இருந்தீங்களே, அது நிஜமாவே நீங்கதானே?" என்றாள். "அது நீங்கதான்னா ஒரு வார்த்தை அந்த மாதிரி சொல்லுங்க. இருன்னு சொல்லுங்க. பெட்டியை உள்ள எடுத்து வெச்சுடறேன்."

முகுந்தன் கையில் ஆபீஸ் போன் இருந்தது. பழைய விலக்கு அப்படியே அதில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவள் காதில் இருக்கிற வில்லைக்குள் ஏறிவிடும். பிறகு "இரு" என்றால் அது கெஞ்சலாகப் போய்ச் சேரும். அவள் இருப்பாள். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்காருவாள், முடியைக் கோதுவாள், காலத்துக்கும் கோதுவாள்.

கோதுவாள், இவனை அல்ல, அவனை.

முகுந்தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆட்டோ நிக்குது பாரு" என்றான்.